நிற்கத் தெரிந்த வண்டி



ஒரு வாகனத்தைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு வேகத்தில் போகும்?" என்பதே. "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்கும் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடைக்காரரும் அதைச் சொல்வதில்லை, விளம்பரமும் சொல்வதில்லை. உயிர் போவதும் நிலைப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு வாகனத்தின் பிரேக்கைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் நினைக்கலாம். என் தம்பி ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் நெடுங்காலமாக ஒரு சிறு பணிமனை நடத்துகிறான். ஒரு ரமளான் விடுமுறையில் அவனோடு தங்கியிருந்தேன். பகலில் ஓய்வும் தராவீஹ் தொழுகைக்குப் பின் நள்ளிரவு வரை வேலையுமாகப் பணிமனை இயங்கும். நான் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்து, என் தம்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரபு வாடிக்கையாளர் வந்தால் மொழிபெயர்ப்பதும் சில வேளை என் பொறுப்பாயிற்று. அந்தப் பொறுப்பினால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

அந்த வண்டி 1972ஆம் ஆண்டின் டட்சன் 240 இசட். ஜப்பானில் 1969இல் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் ஏற்றுமதி வடிவம் இது. நீண்ட முன்மூடி, ஆறு சிலிண்டர், சுமார் 2,400 சி.சி. இன்ஜின். எடையோ ஒரு டன்னைச் சற்றே தாண்டும். உரிமையாளர் அறுபது வயதைக் கடந்த அமீரகப் பெரியவர். வண்டியை வாங்கியவர் அவருடைய மர்ஹூம் தந்தை. தந்தை போன பிறகு பல ஆண்டுகள் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்ததை, இப்போது கல்லூரி முடித்த மகனுக்காகச் சீர்செய்ய விரும்பினார். மகனின் விருப்பமோ, பெருநாள் விடுமுறையில் நண்பர்களோடு ராஸ் அல் கைமாவின் ஜபல் ஜைஸ் மலைக்கு இந்த வண்டியில் ஏறி இறங்குவது. அமீரகத்தின் மிக உயரமான மலைப்பகுதி அது. சாலை வளைந்து வளைந்து ஏறும். ஏறுவதற்கு இன்ஜின் போதும். இறங்குவதற்குத்தான் பிரேக் வேண்டும்.

மகன் இணையத்தில் படித்துத் தேர்ந்திருந்தான். டட்சனின் முன்சக்கரக் காலிப்பரில் இரண்டு பிஸ்டன்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த நான்கு சக்கர இயக்க டொயோட்டா ஹைலக்ஸின் காலிப்பரில் நான்கு பிஸ்டன்கள். அதன் துளைகள் டட்சனின் துளைகளோடு பொருந்தும். உலகெங்கும் இந்த வண்டியை வைத்திருப்போர் பல்லாண்டுகளாகச் செய்துவரும் மாற்றம் இது. மணலிலும் மலையிலும் ஆடு ஏற்றித் திரிந்த வண்டியின் பிரேக்கை ஒய்யாரமான ஸ்போர்ட்ஸ் கார் கடன் வாங்குகிறது. பழைய உதிரிப் பொருள் கடையில் ஒரு இணை வாங்கிப் புதுப்பித்துக் கொண்டுவந்திருந்தான். அதோடு பின்சக்கரங்களின் டிரம்மை நீக்கி டிஸ்க் வைப்பதற்கான பொருள்களும் கொண்டுவந்தான். "இவற்றைப் பூட்டிக்கொடுங்கள், பெருநாளைக்கு முன் வேண்டும்" என்றான்.

என் தம்பி வண்டியை ஏற்றி வைத்து, நான்கு சக்கரங்களையும் கழற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பார்த்தான். பிறகு, "முன்னால் காலிப்பரைப் போடலாம். பின்னால் டிரம்மே இருக்கட்டும். ஆனால் ஹோஸ், குழாய், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயில், டயர் இவற்றை மாற்றச் சம்மதித்தால்தான் வேலையைத் தொடுவேன்" என்றான்.

செலவு இரட்டிப்பாகும். பெருநாளைக்கு முன் முடியாது. இரண்டு கடை தள்ளி, கேட்டதை மட்டும் பூட்டிக்கொடுக்க ஆயத்தமாக இன்னொரு பணிமனை இருந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பி, "உஸ்தாதே, நீர் மார்க்கம் கற்றவர். உம் தம்பி உண்மை சொல்கிறாரா, என் பையில் கை வைக்கிறாரா?" என்று கேட்டார்.

நான் கற்றது ஏட்டு அரபி. வளைகுடாவில் பேசுவது வேறு அரபி. அங்கே பிரேக்கை 'பிரேக்' என்றே சொல்கிறார்கள். ஏட்டில் அதற்கு 'மிக்பஹ்' என்று பெயர். கடிவாளத்தை இழுத்துக் குதிரையை அடக்குவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. மனத்தின் வேட்கையை அடக்குவதைப் பற்றிப் பாடம் எடுக்கையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அதே சொல்லை இரும்புக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. பெரியவரின் கேள்வியைக் கொஞ்சம் மென்மையாக்கித் தம்பியிடம் சொல்லலாமா என்ற எண்ணம் எழுந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காக்கா, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நான் சொல்வதையும் அப்படியே சொல்லுங்கள்" என்றான். மொழிபெயர்ப்பும் ஓர் அமானிதம்தான். அப்படியே சொன்னேன்.

அவன் பதிலை வாயால் சொல்லவில்லை. பிரேக் மிதியை நன்றாக அழுத்தி விட்டான். பிறகு பெரியவரை அழைத்து, முன்சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னான். இடச்சக்கரம் சுற்றியது. வலச்சக்கரம் இறுகிக் கிடந்தது. உலோகக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் மூட்டைத் தளர்த்தினான். அப்போதும் சக்கரம் விடவில்லை. பிறகு காலிப்பரில் காற்று நீக்கும் திருகைத் திறந்தான். சில துளி எண்ணெய் பீறிட்டதும் சக்கரம் எளிதாகச் சுற்றியது. பழைய ரப்பர் ஹோஸின் வெளிப்புறம் வழவழப்பாகவே இருந்தது. உட்புறம் உப்பி அடைத்துவிட்டது. மிதிக்கும்போது எண்ணெய் உள்ளே போகிறது, காலை எடுத்தால் திரும்பி வருவதில்லை. "இதற்கு மேல் புதுக் காலிப்பரைப் பூட்டினால் பார்க்க அழகாக இருக்கும். மலையில் இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும்" என்றான்.

பெரியவர் மீண்டும் ஒருமுறை அந்தச் சக்கரத்தைத் தம் கையால் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, "உட்கார். எல்லாவற்றையும் விளக்கு" என்றார். அந்த இரவு கஹ்வாவும் பேரீச்சம்பழமும் நடுவில் வைத்து நடந்த பாடத்தில் நானும் மாணவனானேன். அறிந்துகொண்டவற்றை வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பிரேக் என்ன செய்கிறது?

பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, அதை வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனையும் சில நொடிகளில் சில இரும்புத் தட்டுகளில் இறங்குகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது.

மலை இறக்கம் இன்னும் கடுமையானது. அதே வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த ஆற்றல் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 25 முறை நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பகுதியைக் காற்றும், குறைந்த கியரில் ஓடும் இன்ஜினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின் தலையில்தான். ஆகவே, இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினை இழுக்க விடுவது எந்தப் புதிய பாகத்தையும்விட மலிவான பாதுகாப்பு.

டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருக்கும் கட்டையை விட்டு விலகும். மிதி இன்னும் ஆழமாக இறங்கும். டிஸ்க் சூடேறினால் தடித்து, பேடை நோக்கியே வரும். காற்றும் அதன்மேல் நேரடியாகப் படும். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் அதைக் கவனித்தது 1953இல், பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான். ஒரு நல்ல கருத்து மக்களிடம் போய்ச் சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே ஓர் உண்மையை மகனிடம் தம்பி அழுத்திச் சொன்னான். பெரிய காலிப்பர் பூட்டினால் முதல் நிறுத்தத்தில் தூரம் குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்தும் வலிமை பழைய பிரேக்குக்கும் இருக்கிறது. அதற்குமேல் வண்டியை நிறுத்துவது சாலையைப் பற்றியிருக்கும் டயர். பெரிய பிரேக்கின் பயன், பத்தாவது நிறுத்தமும் முதல் நிறுத்தத்தைப் போலவே இருப்பதில்தான். டயரோ பார்வைக்குப் புதிதாக இருந்தது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களைக் காட்டினான். முதல் இரண்டு வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டைக் குறிக்கும். 0911 என்றிருந்தால் 2011ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். அந்த வண்டியின் டயர்களில் தேய்மானமே இல்லை, ஆனால் பாலைவன வெயிலில் ரப்பர் கல்லாகியிருந்தது.

ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்

பின்சக்கரத்தில் டிஸ்க் ஏன் வேண்டாம் என்று மகன் கேட்டான். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை இலேசாகவே தொடுகின்றன. அந்நேரம் பின்பிரேக் தேவைக்கு மேல் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுழலும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் திருப்ப முடியாது, ஆனால் வண்டி நேராகவாவது போகும். ஆகவே முன்சக்கரம் சற்று முன்னதாகவும் பின்சக்கரம் சற்றுப் பிந்தியும் பூட்டிக்கொள்ளும்படிச் சமநிலை அமைய வேண்டும். பொறியாளர்கள் பல மாதம் ஓட்டிப் பார்த்து அமைத்த அந்தச் சமநிலையை, பெட்டியில் வந்த பொருளைப் பூட்டி ஓர் இரவில் மாற்றிவிடக் கூடாது. பின்னால் டிரம்மே இருந்தால் கைப்பிரேக்கும் பழையபடியே வேலை செய்யும். புதிய கட்டைகளும் புதிய வீல் சிலிண்டரும் போட்டு, இடைவெளியைச் சரியாக வைத்தால் அது தன் பங்கைச் செய்யும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். நான்கு பிஸ்டன்களை நகர்த்தக் கூடுதல் எண்ணெய் வேண்டும். பழைய சிலிண்டரின் விட்டம் 7/8 அங்குலம். அதை வைத்துக்கொண்டால் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். பின்னால் வந்த 280 இசட்எக்ஸ் வண்டியின் 15/16 அங்குலச் சிலிண்டரைப் போட்டால், ஒரே அளவு மிதிக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் எண்ணெய் போகும், மிதி உயர்ந்து உறுதியாகும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அதே கால் வலிமைக்கு அழுத்தம் சுமார் 13 விழுக்காடு குறையும். காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடியதால் அந்தக் குறை ஈடாகும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கணக்கு சரியாகும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஏதோ ஓர் ஓரத்தில் இடிக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சொன்னதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நாம் அதை எண்ணெய் என்கிறோம், ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 4 வகை குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதன் அளவுகோல் 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தின் சூட்டில் அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அழுங்காது, ஆவி அழுங்கும். மிதி பஞ்சுபோல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கடலோரத்து உப்புக் காற்றில் பழைய எஃகுக் குழாய்களும் துருப்பிடித்திருந்தன. அவற்றுக்குப் பதிலாகத் தாமிரமும் நிக்கலும் கலந்த குழாயை வளைத்து, முனைகளை விரித்துப் பொருத்தத் திட்டமிட்டான்.

தந்தையின் வண்டியா, வேறு வண்டியா?

எல்லாவற்றையும் கேட்டபின் பெரியவர் தயங்கியது பணத்துக்காக அன்று. "என் வாப்பா தொட்ட பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால், மிஞ்சுவது அவருடைய வண்டியா?" என்று கேட்டார். இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. எங்கள் வாப்பாவின் மிதிவண்டி இன்றும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சாய்ந்து நிற்கிறது. தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி சொன்னான்: "ஐயா, எதையும் வெட்ட மாட்டேன், பற்றவைக்க மாட்டேன். டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டை வெட்டினால்தான் புதுக் காலிப்பர் பொருந்தும் என்பார்கள். நான் அதை வெட்டாமல் கழற்றி வைப்பேன். கழற்றும் ஒவ்வொன்றையும் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் போட்டுத் தருவேன். உங்கள் பேரன் விரும்பினால் ஒரே நாளில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வாப்பா இன்று இருந்திருந்தால், பேரன் மலையில் இறங்குவதற்கு எந்தப் பிரேக்கைக் கேட்டிருப்பார்?"

பெரியவர் பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். மகன், "எல்லாம் இறைவன் நாட்டம் வாப்பா" என்று ஏதோ சமாதானம் சொல்ல முயன்றான். "ஒட்டகத்தைக் கட்டாமல் அந்தச் சொல்லைச் சொல்லாதே" என்றார் பெரியவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனைச் சார்ந்திருக்கச் சொல்லும் நபிமொழியை நான் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அந்தக் கயிறு எப்படி இருக்கும் என்பதை, கரி படிந்த ஒரு பணிமனையில், வெடித்த ரப்பர் ஹோஸின் வடிவில் கண்டேன்.

வேலை பெருநாளைக்குப் பிறகுதான் முடிந்தது. பெருநாளன்று அந்தப் பிள்ளை நண்பர்களின் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து மலைக்குப் போனானாம். பழைய பிரேக் கட்டைகளைக் கழற்றியபோது தம்பி காற்றுக் குழாயால் ஊத விடவில்லை, ஈரத் துணியால் துடைத்தான். அக்காலத்துக் கட்டைகளில் கல்நார் இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடன் வேலை செய்யும் பெஷாவர்க்காரருக்கும் முகக்கவசம் கொடுத்தான். வாடிக்கையாளர் பார்க்காத இடத்திலும் அவன் இப்படித்தான் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

சோதனைக்கு அதிகாலையில் ஆளில்லாத சாலைக்குப் போனோம். முதலில் மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்தான். புதிய பேடும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டான். கடைசியில் பலமாகப் பிடித்தான். சாலையில் முன்சக்கரங்களின் கறுப்புத் தடம் மட்டும் இரண்டு கோடுகளாக, நேராக விழுந்திருந்தது. இறங்கி அதைக் குனிந்து பார்த்தவன், "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பதிவைப் புதுப்பிக்கும் பரிசோதனை நிலையத்தின் உருளைகளிலும் இடமும் வலமும் சமமாக வந்தன.

நம்மில் எவரிடமும் டட்சன் 240 இசட் இருக்கப்போவதில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் ஒரு இருசக்கர வாகனம் நிற்கிறது, பல வீடுகளில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை அதை ஓட்டுகிறான். அவன் சைலன்சரை மாற்றக் கேட்கிறான், விளக்கை மாற்றக் கேட்கிறான். கொடுங்கள், கொடுக்காமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். அதற்கு முன் ஒரு மாலை அவனோடு வாசலில் அமருங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, டயரின் நான்கு இலக்கம் என்ன சொல்கிறது, கட்டையின் தடிமன் எவ்வளவு மிச்சம் என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க, ஆளில்லாத திடலில் பழக்குங்கள்.

மெக்கானிக் "இதையும் மாற்ற வேண்டும்" என்று சொன்னால், உடனே ஏமாற்று என்று எண்ண வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். "காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். அப்படிக் காட்டுபவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். நம் பிள்ளை வீடு திரும்புவதற்கான காரணங்களில் ஒன்றை அவர் கையில் அல்லாஹ் வைத்திருக்கிறான்.